தான் கண்டுபிடித்த ஆபரேஷன் டேபிளில் தானே படுத்த 97 வயது டாக்டர்

"அப்பாவுக்கு 84 வயசு டாக்டர். வேற எதுக்கோ வயித்துல ஸ்கேன் எடுத்தோம், உள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒருத்தர் ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொல்றார். இன்னொருத்தர் இந்த வயசுல எதுக்குங்கறார். நாங்க என்ன பண்றது?"

போன வாரம் இன்பாக்ஸில் வந்த கேள்வி. இதே மாதிரி மாசத்துக்கு ரெண்டு மூணு வருது. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அப்பா என்ன சொல்றார்?"

பதில்: "அப்பாகிட்ட இன்னும் சொல்லவே இல்லை டாக்டர். பயந்துடுவார்."

இதுக்கு ரெண்டு வரியில் பதில் எழுத எனக்குத் தெரியலை. அதனால் ஒரு பழைய கதையைச் சொல்றேன். நடந்த கதை. கொஞ்சம் நீளம், ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் அந்தக் குழாயைப் பற்றி. இதயத்திலிருந்து கிளம்பும் அயோர்ட்டா என்கிற பெருந்தமனிதான் உடம்பின் மெயின் பைப். மேலே எழும்பி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே இறங்கி, தொப்புள் பக்கம் வந்து ரெண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகும். மூளைக்கும் கைக்கும் குடலுக்கும் கிட்னிக்கும் கிளைகள் இதிலிருந்துதான். நம்ம கட்டைவிரலை விடத் தடிமன்.

இதற்கு ரெண்டு விதமான ஆபத்து உண்டு. ஒன்று, வருஷக்கணக்கில் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் ட்யூப் ஒரு இடத்தில் புடைத்துக்கொள்வது போல வீங்குவது. அனியூரிசம் என்போம். வலி இருக்காது. வெடித்தால் பெரும்பாலும் ஆள் கிடையாது.

இன்னொன்று டிசெக்‌ஷன். கோட்டுக்கு உள்ளே லைனிங் துணி வைத்துத் தைத்திருப்பாங்க இல்லையா? அந்த லைனிங்கில் ஒரு கிழிசல் விழுந்து, கையை நுழைக்கும்போது ஸ்லீவுக்குள் போகாமல் லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே கை போய் மாட்டிக்கும். அதே கதைதான். உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளைப் பிளந்துகொண்டு ஓடும். நெஞ்சும் முதுகும் கிழிவது போல வலி. கிழிசல் இதயத்தை ஒட்டிய மேல்பகுதியில் என்றால், ஆபரேஷன் செய்யாவிட்டால் முதல் 48 மணி நேரத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 100க்கு 1 அல்லது 2 பேர் வீதம் இறப்பார்கள் என்பது நாங்கள் படித்த பாடப்புத்தகக் கணக்கு.

இது புது வியாதி ஒன்றும் இல்லை. 1760 அக்டோபர் 25 காலையில் இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜார்ஜ் வழக்கம்போல சாக்லேட் பானம் குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ராஜா தரையில். ஃபிராங்க் நிக்கல்ஸ் என்ற அரண்மனை டாக்டர் உடலை அறுத்துப் பார்த்தார். இதயத்தைச் சுற்றிய பை முழுக்க உறைந்த ரத்தம், பெருந்தமனியில் கிழிசல். மருத்துவ வரலாற்றில் இதைத் தெளிவாக எழுதி வைத்த ஆரம்பக் குறிப்புகளில் அது ஒன்று. ராஜாவுக்கு வயது 76. அன்றைக்கு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. முடிவு எடுக்கும் பாரமும் யாருக்கும் இல்லை.

அடுத்து இன்னொரு 76 வயதுக்காரர். இவருக்கு அந்தப் பாரம் இருந்தது. பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

1948 டிசம்பரில் வயிற்று வலிக்காக ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற சர்ஜன் அவர் வயிற்றைத் திறந்தார். உள்ளே பெருந்தமனி பம்ப்ளிமாஸ் பழம் மாதிரி வீங்கி இருந்தது. வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாய் வைக்கும் வித்தை அப்போது உலகத்தில் யாரிடமும் இல்லை. நிஸ்ஸன் என்ன செய்தார் தெரியுமா? வீங்கிய குழாயைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றி வைத்தார். ஆமாம், பரிசுப் பொருளுக்குச் சுற்றுகிற அதே வகைத் தாள்தான். அந்நியப் பொருளைப் பார்த்து உடம்பு அதைச் சுற்றித் தழும்பு உண்டாக்கும், அந்தத் தழும்பு வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஐன்ஸ்டீன் அதற்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

1955 ஏப்ரலில் அது கசிய ஆரம்பித்தது. இந்த ஆறு வருஷத்துக்குள் உலகம் மாறியிருந்தது. 1951-ல் பாரிஸில் சார்ல்ஸ் டூபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவரிடமிருந்து எடுத்த தமனியை வைத்துத் தைத்துக் காட்டிவிட்டார். அமெரிக்காவிலும் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க் கிளென் என்ற பெரிய சர்ஜன் பிரின்ஸ்டனுக்கே வந்து, ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்.

ஐன்ஸ்டீன் வேண்டாம் என்றார். செயற்கையாக உயிரை நீட்டிக்க விருப்பமில்லை, என் பங்கை செய்துவிட்டேன், போகும் நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணாடியும் தன் கணக்குத் தாள்களும் கேட்டு வாங்கி வேலை பார்த்தார். ஏப்ரல் 18 அதிகாலையில் இறந்தார். கடைசியாக ஏதோ முணுமுணுத்தார். ஜெர்மன் மொழியில். பக்கத்தில் இருந்த நர்ஸுக்கு ஜெர்மன் தெரியாது.

சரி, கதையின் நாயகருக்கு வருவோம்.

மைக்கேல் டிபேக்கி. 1908 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள். அம்மா தையலில் கெட்டிக்காரர். பையனுக்கும் சின்ன வயதிலேயே தையல் சொல்லிக் கொடுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

டியுலேன் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற காலத்திலேயே ரத்தத்தைத் தள்ளுவதற்கு ரோலர் பம்ப் ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் ஹார்ட் லங் மெஷினின் உயிர்நாடியாக ஆனது அந்த வகை பம்ப்தான். 1948-ல் ஹூஸ்டன் நகரத்து பேலர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். டென்டன் கூலி என்ற இளம் சர்ஜன் அவருடன் சேர்ந்தார். கை வேகத்தில் மன்னன். பெயரை நம்ம ஊர் 'கூலி' என்று படித்துவிடாதீங்க, அவரும் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். ரெண்டு பேரும் சேர்ந்து பெருந்தமனி வீக்கங்களை வெட்டித் தைக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு சிக்கல். எத்தனை பேருக்கு இறந்தவர்களின் தமனி கிடைக்கும்? துணியில் குழாய் செய்யலாம் என்ற யோசனையை நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் 1952-லேயே செய்து காட்டியிருந்தார். எந்தத் துணி நிலைக்கும் என்பதுதான் கேள்வி. டிபேக்கி ஹூஸ்டனில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போய் நைலான் கேட்டார். நைலான் தீர்ந்துபோச்சு, புதுசா டேக்ரான்னு ஒண்ணு வந்திருக்கு, வேணுமா என்றார்கள். ஒரு கஜம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவியின் தையல் மெஷினில் உட்கார்ந்து குழாயாகத் தைத்தார். அம்மா சொல்லிக் கொடுத்த தையல். இன்றைக்கும் ஓபன் சர்ஜரியில் நாம் வைக்கும் குழாய்களில் பெரும்பாலானவை அந்த டேக்ரானின் வாரிசுதான். டேக்ரான் என்றால் வேறொன்றும் இல்லை, பாலியஸ்டர். உங்க சட்டையிலும் இருக்கும்.

1954-ல் டிசெக்‌ஷன் வந்த ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் செய்து வெற்றி கண்டது அவருடைய குழு. 1965-ல் இந்த வியாதியை ஒன்று, இரண்டு, மூன்று என்று வகை பிரித்தார். கிழிசல் மேல்பகுதியில் தொடங்கிக் கீழ்வரை போனால் டைப் 1, மேல்பகுதியோடு நின்றால் டைப் 2, கீழ்நோக்கி இறங்கும் பகுதியில் மட்டும் என்றால் டைப் 3. இன்றைக்கும் மாணவர்கள் பரீட்சையில் டிபேக்கி வகைப்பாடு என்று எழுதுகிறார்கள். வாழ்நாளில் சுமார் 60,000 ஆபரேஷன் செய்தவர் என்பார்கள். பதவி இழந்த மன்னர், அதிபர், கார் டிரைவர் என்று எல்லாரும் அதே டேபிளில்.

இப்போ 2005 டிசம்பர் 31. டாக்டர் டிபேக்கிக்கு 97 வயது. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு லெக்சருக்குத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். (97 வயதில் லெக்சர். நமக்கு 60-லேயே முட்டி வலி.) திடீரென்று நெஞ்சின் மேல்பக்கமும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கிழிக்கிற வலி. கழுத்துக்கு ஏறியது.

ஹார்ட் அட்டாக், இன்னும் சில நொடியில் இதயம் நிற்கப் போகிறது என்று நினைத்தார். நிற்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது அந்த வியாதி. தன் பெயரில் இருக்கிற வியாதி.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. டாக்டரையும் கூப்பிடவில்லை. வலி தாங்க முடியாமல் போனால், இதயம் நின்றாலும் பரவாயில்லை, வலி போனால் போதும் என்றுதான் தோன்றும் என்று அவரே பிறகு சொன்னார். மனைவி காட்ரினும் மகளும் வந்து பார்த்தபோது சோஃபாவில் படுத்திருந்தார். தசை பிடித்துக்கொண்டது போலிருக்கு என்று சமாளித்தார். பாருங்க, அப்பாவிடம் அவர் விஷயத்தையே மறைக்கும் மகன் ஒரு பக்கம், மனைவியிடம் தன் விஷயத்தை மறைக்கும் உலகப் பெரிய டாக்டர் இன்னொரு பக்கம். எல்லா வீடும் ஒண்ணுதான்.

சில நாள் கழித்து ஜனவரி 3 அன்று ஸ்கேன். டைப் 2. அகலம் 5.2 செ.மீ. சக டாக்டர்கள் அட்மிட் ஆகச் சொன்னார்கள். கேட்கவில்லை. ஜனவரி 6 அன்று சான் அன்டோனியோ போய் அந்த லெக்சரைக் கொடுத்துவிட்டு வந்தார்! இந்த வியாதியோடு யாராவது என்னிடம் வந்து வெளியூர் போகலாமா என்று கேட்டால் நான் கதவைச் சாத்திப் பூட்டுவேன்.

ஆபரேஷனுக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயந்தது சாவுக்கு இல்லை. மூளையோ உடம்போ முடங்கிப்போய்க் கிடப்பதற்கு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன நடக்கும் என்று இந்த உலகத்தில் அவரை விட அதிகமாகப் பார்த்தவர் யார்? நமக்கு அது ஃபார்மில் இருக்கும் ஒரு வரி. அவருக்கு, தன் கையால் தைத்து அனுப்பிய முகங்கள்.

மேல்பகுதி டிசெக்‌ஷன் ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று சொல்றேன், அப்போ புரியும். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறக்கணும். இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை மெஷினில் ஓட்டணும். பல நேரம் உடம்பைக் குளிர்வித்து, கொஞ்ச நேரம் ரத்த ஓட்டத்தையே முழுசாக நிறுத்தணும், அந்த இடைவெளியில் கிழிந்த குழாயை எடுத்துவிட்டுத் துணிக்குழாயைத் தைக்கணும். 50 வயது உடம்பில் மூளை, கிட்னி, நுரையீரல் எல்லாவற்றிலும் சேமிப்பு இருக்கும். பாங்கில் டெபாசிட் போட்டு வைத்த மாதிரி. 85, 90 வயதில் அன்றாடச் செலவுக்கே சரியாக இருக்கும். திடீரென்று ஒரு பெரிய செலவு வந்தால் கிட்னி முதலில் கை விரிக்கும், அடுத்து நுரையீரல், அப்புறம் மனக்குழப்பம், பக்கவாதம், எழுந்து நிற்க முடியாமை. பெரியவர்களில் நிறைய பேரை நாம் இழப்பது டேபிளில் இல்லை. அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களில்.

ஜனவரி கடைசியில் வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஹூஸ்டனின் மெத்தடிஸ்ட் ஆஸ்பத்திரி, அவர் பல பத்தாண்டுகள் ஆபரேஷன் செய்த இடம். வீக்கம் பெரிசாகிக்கொண்டே போனது. கிட்னி தளர்ந்தது. மெல்ல மெல்ல நினைவு தப்பி, கூப்பிட்டால் பதில் இல்லை என்ற நிலை. பிப்ரவரி 9 அன்று 7.5 செ.மீ.

அவரோடு 40 வருஷம் கூட நின்று ஆபரேஷன் செய்த ஜார்ஜ் நூன், செய்தே ஆகணும் என்றார். மனைவி செய்யுங்க என்றார்.

ஆஸ்பத்திரியின் மயக்க மருத்துவர்கள் முடியாது என்றார்கள். இந்த வயதில், இந்த நிலையில் யாருக்கும் இதைச் செய்ததே கிடையாது. அதோடு, ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது, அவர் நினைவோடு இருந்தபோது சொன்னதை நினைவு தப்பிய பிறகு எப்படி மீறுவது என்று கேட்டார்கள்.

நல்ல கேள்வி. மருத்துவ நெறிமுறை வகுப்பில் ஒரு மாணவன் இதைக் கேட்டிருந்தால் நான் முழு மார்க் போடுவேன்.

அன்று இரவு ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடியது. பேச்சு நீண்டுகொண்டே போனது. காட்ரின் அந்த அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள என் கணவர் போய்விடுவார் என்று சத்தம் போட்டார். கடைசியில் குழு அனுமதி கொடுத்தது. டிபேக்கியுடன் முன்பு வேலை செய்த, வேறொரு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஒரு பெண் மயக்க மருத்துவர் வர சம்மதித்தார். நள்ளிரவை ஒட்டி ஆரம்பித்து, விடிய விடிய ஏழு மணி நேரம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டேபிளில் படுத்திருப்பவர் மாணவராக உருவாக்கிய வகை பம்ப். அவர் ஜவுளிக்கடையில் தேடிப் பிடித்த துணி. அவர் வகுத்த வியாதி. அவர் சொல்லிக் கொடுத்த கை. 52 வருஷத்துக்கு முன்னால் அவர் குழு முதன்முதலில் சரிசெய்த அதே பிளவு. அத்தனையும் அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு.

பிழைத்தார். ஆனால் எப்படிப் பிழைத்தார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். சுமார் ஆறு வாரம் வென்டிலேட்டர். தொண்டையில் துளை. வயிற்றில் உணவுக் குழாய். டயாலிசிஸ். மே மாதம் வீட்டுக்குப் போய், ஜூனில் மறுபடி ஆஸ்பத்திரி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய எட்டு மாதம், பத்து லட்சம் டாலருக்கும் மேல் செலவு. 98-வது பிறந்தநாள் வந்த செப்டம்பரில்தான் ஒரு வழியாக ஓய்ந்தது. அதற்குப் பிறகு மறுபடி வேலைக்குப் போனார். அவர்கள் செய்தது சரிதான், செய்யாவிட்டால் நான் இருந்திருக்க மாட்டேன் என்று நன்றியோடு சொன்னார்.

இங்கேதான் எல்லாரும் கை தட்டுவார்கள். நான் கொஞ்சம் முரண்படறேன்.

அவர் பிழைத்ததால் அந்த முடிவு சரி என்று ஆகிவிடாது. பிப்ரவரி 12 அன்று ஐசியூவில் இறந்திருந்தால்? வேண்டாம் என்று சொன்ன 97 வயது மனிதரை அறுத்துக் கொன்றார்கள் என்று இன்றைக்கு நாம் பேசியிருப்போம். இரண்டிலும் எடுத்த முடிவு ஒன்றேதான். அன்று இரவு நான் அந்த அறையில் இருந்திருந்தால், மயக்க மருத்துவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். ஒரு மாபெரும் மனிதரின் இரண்டரை வருஷத்தை என் கொள்கை பறித்திருக்கும். இதையும் ஒத்துக்கொள்கிறேன். பல வருஷமாக யோசிக்கிறேன், இந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை.

இன்னொன்று. அவருக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்காது. அவர் வளர்த்த ஆஸ்பத்திரி, அவர் பயிற்றுவித்த கைகள், எட்டு மாதம் கணக்குப் பார்க்காத ஐசியூ. 97 வயது டிபேக்கியே பிழைச்சாரே என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இந்த வரியையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க.

அப்போ சாதாரணப் பெரியவர்களுக்குக் கணக்கு என்ன?

2001-ல் இத்தாலி டாக்டர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 80 தாண்டி, மேல்பகுதி டிசெக்‌ஷனுக்கு அவசர ஆபரேஷன் ஆன 24 பேரின் கதை. 100க்கு 83 வீதம் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்கள். வீட்டுக்குப் போன மிச்சப் பேரும் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலையில் இல்லை. ஆறு மாதம் தாண்டி ஒருவரும் இல்லை. 80-க்கு மேல் இந்த ஆபரேஷன் நியாயமா என்றே தலைப்பில் கேட்டிருந்தார்கள்.

2010-ல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் ஐராட் பதிவேட்டிலிருந்து வேறு படம் வந்தது. 80 முதல் 90 வயதுக்காரர்களில் ஆபரேஷன் ஆனவர்களில் 100க்கு சுமார் 38 பேர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 100க்கு சுமார் 55 பேர். அந்த வயதுக்காரர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. யாரை ஆபரேஷனுக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் இருக்கு இல்லையா? தேறக்கூடிய உடம்பைத்தானே டேபிளில் ஏற்றுவார்கள்.

ஒரே வயது, ஒரே வியாதி, இரண்டு வேறு உலகம். எந்த ஆள், எந்தக் கை, எந்த நேரம் என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் 80-க்கு மேல் செய்யவே கூடாது என்பவரையும் நான் நம்புவதில்லை, வயசு வெறும் நம்பர் என்பவரையும் நம்புவதில்லை. வயசு வெறும் நம்பர் என்று கல்யாண வீட்டில் சொல்லலாம். ஐசியூவில் சொல்லக்கூடாது.

இனி நம்ம 84 வயது அப்பாவிடம் வருவோம். அவருக்கு இருப்பது டிசெக்‌ஷன் இல்லை. வயிற்றில் அனியூரிசம். இது வேற கணக்கு, நல்லா கவனிங்க. அங்கே மணி நேரக் கணக்கு. இங்கே யோசிக்க நேரம் இருக்கு.

பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொடும் வரை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். அதற்கு மேலே போனால்தான் வெடிக்கும் ஆபத்தும் ஆபரேஷன் ஆபத்தும் எடைபோட வேண்டிய அளவுக்கு வரும். பழைய மாதிரி வயிற்றைத் திறந்தே செய்யணும் என்றும் இல்லை. 1990-ல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி, தொடைத் தமனி வழியாகவே ஸ்டென்ட் பொருத்திய துணிக்குழாயை உள்ளே கொண்டுபோய் வீக்கத்துக்குள் விரித்து வைத்தார். எவார் என்று சொல்கிறோம். சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். வயதானவர்களுக்கு இது பெரிய வரம்.

அதிலும் ஒரு ஆனால் இருக்கு. பிரிட்டனில் எவார் 2 என்று ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஓபன் ஆபரேஷனைத் தாங்கவே மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எவார், இன்னொரு குழுவுக்கு ஒன்றும் செய்யாமல் கவனிப்பு மட்டும். வருஷங்கள் போகப் போக, எவார் செய்தவர்களில் வீக்கம் வெடித்து இறந்தவர்கள் குறைந்தார்கள். மொத்த ஆயுள்? கூடவில்லை. ஏன்னா அவர்களை அழைத்துப் போக இதயமும் நுரையீரலும் ஏற்கனவே வாசலில் காத்திருந்தன.

ஆக உங்க டாக்டரிடம், ஆபரேஷன் பண்ணலாமா என்று மட்டும் கேட்காதீங்க. எத்தனை சென்டிமீட்டர், ஆறு மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது, தொடை வழியாகச் செய்யும் அமைப்பு குழாயில் இருக்கா, இந்த ஆஸ்பத்திரியில் இதை அடிக்கடி செய்யறாங்களா என்று கேளுங்க. நாங்கள் அவர் பிறந்த வருஷத்தை விட, அவர் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறாரா, கடைத்தெரு வரை தனியாக நடக்கிறாரா, போன வருஷம் எத்தனை தடவை விழுந்தார், பேப்பர் படித்துவிட்டு உங்களோடு சண்டை போடுகிறாரா என்பதைத்தான் பார்க்கிறோம். தினமும் வாக்கிங் போய் அரசியல் பேசும் 86 வயதுக்காரருக்கு நான் தைரியமாகச் செய்யச் சொல்லியிருக்கேன். பத்து வருஷம் இளையவர் ஒருவரை வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியும் இருக்கேன்.

அதை விட முக்கியமாக, அவரிடம் சொல்லுங்க.

சிகிச்சையின் எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை இந்தியாவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, 2023-ல் அதன் நடைமுறையை எளிமையாக்கியது. காகிதம் இருந்தால் நல்லது. ஆனால் டிபேக்கி விஷயத்தில் காகிதமும் இருந்தது, அதைத் தாண்டி அன்பும் இருந்தது, ரெண்டும் ஒரு ராத்திரி முழுக்க மோதிக்கொண்டன. காகிதத்தில் இல்லாத ஒன்றை அவர் தெளிவோடு இருந்த அந்த ஜனவரியில் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம்: ஒரு மாதம் மெஷினில் இருந்து, அதற்குப் பிறகு எழுந்து வர வாய்ப்பிருக்கு என்றால் சரியா? முடங்கிப் போனால் வேண்டாம், சரி, எதை முடக்கம் என்கிறீங்க? பேச முடியாததையா, நடக்க முடியாததையா, ஆளை அடையாளம் தெரியாததையா?

உங்க அப்பாவிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கு. ஐன்ஸ்டீனிடம் கேட்டார்கள், அவர் சொன்னார், அதன்படி விட்டார்கள். 76 வயதில் வேண்டாம் என்ற அவரைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை.

டிபேக்கிக்குக் கிடைத்த அந்த இரண்டு வருஷம் ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்லாமல் முடித்தால் கதை அரைகுறை.

மேலே சொன்ன டென்டன் கூலி ஞாபகம் இருக்கா? 1969-ல் அவர், டிபேக்கியின் ஆய்வுக்கூடத்தில் உருவான செயற்கை இதயத்தை டிபேக்கியிடம் சொல்லாமல் எடுத்து ஒரு நோயாளிக்குப் பொருத்திவிட்டார். உலகச் செய்தி ஆனது. அன்றோடு உறவு முறிந்தது. ஒரே ஊர், அடுத்தடுத்த ஆஸ்பத்திரி, கிட்டத்தட்ட 40 வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளிச் சண்டை மாதிரிதான். 2007-ல் டென்டன் கூலி பெயரில் இயங்கும் சர்ஜன்கள் சங்கம் டிபேக்கிக்கு வாழ்நாள் விருது தந்தது. வாங்கிக்கொள்ள அவரே நேரில் போனார். கொடுத்தவருக்கு 87 வயது, வாங்கியவருக்கு 99.

அடுத்த வருஷம் ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம். 2008 ஜூலை 11 அன்று இறந்தார். நூறாவது பிறந்தநாளுக்கு இன்னும் 58 நாள் இருந்தது.

அந்த மகன் நேற்று ராத்திரி மறுபடி மெசேஜ் போட்டிருந்தார். "சொல்லிட்டேன் டாக்டர். நாங்க நெனச்ச மாதிரி பயப்படலை. எத்தனை சென்டிமீட்டர்னு கேட்டார். 4.8னு சொன்னேன். 'இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க? அந்த ஸ்கேன் படத்தைக் கொண்டா, நான் பார்க்கணும்'னுட்டார்."